பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிய தாள்

நோல்பெர்த்தோ,
நீ இதை வாசிக்கிறாய் என்றால்
பெட்டி கத்துகிறது,
அல்லது கத்த வேண்டிய நேரத்தில் வாய்மூடிக் கிடக்கிறது.
நான் கால்புக்கோவில், மீன் ஆலையில்,
செப்டம்பர் வரை கையுறைக்குள்.

முதலில் பேட்டரி.
நாக்கில் வைத்துப் பார்க்காதே, உன்னைத் தெரியும் எனக்கு.
மீட்டர், வலை ஊசிகள் கிடக்கும் டப்பாவில்.
ஒன்பது என்று எழுதியிருப்பதை நம்பாதே.
ஏழுக்குக் கீழே காட்டினால் தூக்கிப் போடு,
கடலில் அல்ல.

அடுத்து அந்தக் கறுப்பு மூன்றுகால் பூச்சி.
தட்டை முகம் உன்னைப் பார்க்க, கால்கள் கீழே தொங்க:
இடது கால் பஸ்ஸருக்கு,
வலது கால் பேட்டரியின் கழித்தல் முனைக்கு,
நடுக்கால்தான் தண்ணீருக்குக் காது கொடுப்பது.
முதல் தடவை முகத்தைத் திருப்பி வைத்துவிட்டு
இரண்டு இரவு முழித்திருந்தவள் சொல்கிறேன்.
சூடு வைக்கும்போது எண்ணு, ஒன்று, இரண்டு, மூன்று,
எடுத்துவிடு.
அதற்கு மேல் போனால் பூச்சி செத்துப்போகலாம்.
செத்த பூச்சியும் உயிருள்ளது போலவே இருக்கும்.

ஈயத்தை இரும்பில் எடுத்துவந்து தடவாதே,
அது வெண்ணெய் அல்ல.
கம்பியைச் சூடாக்கு, ஈயம் தானாக ஓடிவரும்.
பளபளத்துச் சரிந்து இறங்கினால் பிடித்துக்கொண்டது.
பந்தாய் உருண்டு நின்றால்
அது உதட்டளவு உறவு.
அலை ஒன்று தட்டினால் போய்விடும்.

மின்தடைகள் இரண்டு, இரட்டைப் பிள்ளைகள்,
பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு.
ஒன்று நடுக்காலுக்குப் போகும் வழியில்.
மற்றது நடுக்காலிலிருந்து கழித்தல் முனைக்கு.
சும்மா இருக்கிறது என்று நீ வெட்டப் பார்த்தது இதைத்தான்.
வெட்டாதே.
இந்தத் தீவில் எதுதான் காய்ந்திருக்கிறது?
பலகை, கயிறு, ரொட்டி, உன் அண்ணன் மீசை.
ஈரத்தின் கசிவு கொஞ்சம் கொஞ்சமாய் வந்து
நடுக்காலின் காதில் புரளி ஊதும்.
அதைச் சத்தமில்லாமல் வடியவிடும் வாய்க்கால் இது.
இது இல்லாத வாரம் நினைவிருக்கிறதா?
ஒவ்வொரு தூறலுக்கும் அலறல்,
கம்பக்கால் வீட்டு ஜன்னலிலிருந்து
எர்சிலியா எறிந்த உருளைக்கிழங்கு.

இது வந்த பிறகு அமைதி.
பிறகு அந்த ஜூன் இரவு.
மழை இல்லை. நட்சத்திரம்கூட இருந்தது.
பெட்டி கத்தியது.
பூச்சியை மாற்றினேன், கத்தியது.
பேட்டரியை மாற்றினேன், இன்னும் உரக்கக் கத்தியது.
மூன்றாவது பூச்சிக்குக் கை போனபோது நீ சொன்னாய்:
கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தூங்கு.
பிடுங்கினேன்.

காலையில் நம் தொனினா
இருக்கைப் பலகை வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.
இடப்புறம், மூன்றாம் பலகை,
பருப்பளவு ஆணித் துளை.

சுற்றில் ஒரு குறையும் இல்லை.
அது சொன்னது நமக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.
ஆகவே இந்தத் தாளின் மேலே எழுதியிருக்க வேண்டியதை
இடமில்லாமல் இங்கே எழுதுகிறேன்:
திருப்புளியைத் தொடுமுன்
அடிப்பலகையைத் தூக்கி உள்ளே பார்.

திருகாணிகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கட்டும்.
கூட்டல் முனையில் இருப்பதைக் கடல் தின்னும்.
மாதம் ஒருமுறை கம்பிகளை மாற்றிக் கட்டு,
இரண்டும் சமமாய்த் தேயட்டும்.
பின்பக்கம் ஊதா நிறத்தில் இருப்பது என் நகப்பூச்சு.
சுரண்டாதே, உப்பைத் தடுப்பது அதுதான்.
எந்தக் கடையில் வாங்கினாய் என்று யாரும் கேட்டால்
உனக்குத் தெரியாது.

சோதிக்க:
இரண்டு விரலை நனைத்துத் திருகாணிகள்மேல் வை.
கத்தாது, முனகும்.
உன் உடம்பு வழியே போய் வந்த குரல் அது,
கொஞ்சம் களைத்துத்தான் இருக்கும்.
கேட்டதும் மூடு.

இன்னொன்று.
பேருந்து ஆற்றைத் தாண்டிய பிறகுதான் எனக்கு எப்போதும் தோன்றும்,
சால்டரிங் இரும்பை அணைத்தேனா என்று.
வீட்டுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிடு.

எடெல்மிரா